நான்கு இலவச மென்பொருள்களையும் நிறுவி, அதிகம் பிடிப்பதை வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஜெராக்ஸ் கடையில் ஒரே ஒரு கணினி, விண்டோஸ் 10. ஒரு வாரமாக உலாவியைத் திறந்தால் வழக்கமான பக்கத்துக்குப் பதில் பெயர் தெரியாத தேடல் பக்கம் வருகிறது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்ற அறிவிப்பு அடிக்கடி எழும்புகிறது. உளவு மென்பொருளை ஒழிக்கும் நான்கு இலவச மென்பொருள்களின் பெயர்களை நண்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான்கையும் நிறுவிப் பார்த்து, எது அதிகம் பிடிக்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே தெரிவது ‘எது சிறந்தது’ என்ற கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: முன்பின் தெரியாத ஒன்றைக் கடைக்குள் காவலுக்கு விடுவதற்கு முன் அதன் யோக்கியதையை எப்படித் தெரிந்துகொள்வது? நான் அதற்குத்தான் பதில் எழுதப்போகிறேன். முதல் கேள்விக்கான விடை வழியிலேயே வந்துவிடும். 2003 முதல் சிறு கடைகள், அச்சகங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் கணினிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். உங்கள் கணினியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், உறுதியாகச் சொல்லக்கூடியது எது, ஊகம் எது என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மூலை அறிவிப்பு. அது பொய். இதைத் தயங்காமல் சொல்வேன். ஓர் இணையப் பக்கத்தால் உங்கள் வன்தட்டுக்குள் புகுந்து வைரஸ் எண்ண முடியாது. உலாவி அதற்கு இடம் கொடுப்பதில்லை. படிவம் பதிவிறக்கப் போன இடத்திலோ படம் பார்க்கப் போன இடத்திலோ யாரோ ‘அலோ’ (அனுமதி) என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அந்த ஓர் அழுத்தலிலேயே அந்தத் தளத்துக்கு உங்கள் திரையின் மூலையில் எழுதும் உரிமை கிடைத்துவிட்டது. குரோமில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் இந்த உரிமை பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறியாத பெயர்களை நீக்குங்கள். தேடல் பக்கம் மாறியிருப்பது அநேகமாக ஒரு நீட்டிப்பின், அதாவது உலாவியோடு சேர்ந்து ஓடும் ஒரு சிறு நிரலின், வேலை. எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் சேர்க்காத ஏதேனும் இருந்தால் அதையும் நீக்குங்கள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, பதிவிறக்க உதவி என்ற பெயர்களில் இவை வந்து ஒட்டிக்கொள்ளும். வைரஸ் என்று அலறிக்கொண்டு என்னிடம் கணினியைத் தூக்கி வருபவர்களில் பலருக்கு இந்த இரண்டு வேலைகளோடு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. உங்களுக்கும் தீரலாம். ஆனால் தொல்லை நின்றுவிட்டது என்பதற்காக உள்ளே வேறு எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜமான உளவு மென்பொருள் திரையில் வந்து நிற்பதில்லை. அதன் பிழைப்பே சத்தம் போடாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

நண்பரின் யோசனையைத் தவறு என்று ஒதுக்க மாட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன் அதுதான் சரியான யோசனை. 2000ஆம் ஆண்டில் ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்க நிரலாளர், தம் கணினியில் ஒரு விளம்பரக் கூறு தமக்குத் தெரியாமல் குடியேறியிருப்பதைக் கண்டு, ‘ஆப்ட்அவுட்’ என்ற சிறு கருவியை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் லாவாசாஃப்டின் ‘ஆட்-அவேர்’ பரவிக்கொண்டிருந்தது. பாட்ரிக் கோல்லா என்பவர் ‘ஸ்பைபாட் சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்’ எழுதினார். சிறிது காலம் கழித்து வந்த ‘ஸ்பைவேர்பிளாஸ்டர்’ எதையும் தேடாது. தெரிந்த கெட்ட கூறுகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் ஓட முடியாதபடி முன்கூட்டியே பூட்டி வைக்கும். தெருவுக்கு இரண்டு பிரவுசிங் சென்டர்கள் இருந்த அந்த நாட்களில் ஆட்-அவேர், ஸ்பைபாட், ஸ்பைவேர்பிளாஸ்டர் மூன்றும் என் பையில் இருந்த சிடியில் எப்போதும் இருக்கும். வைரஸ் தடுப்பு நிறுவனங்களில் பல அப்போது உளவு மென்பொருளைத் தங்கள் வேலையாகவே கருதவில்லை. பயனர்தானே ‘ஐ அக்ரீ’ அழுத்தி நிறுவினார் என்று விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் தனிக் கருவிகள் வந்தன. ஒவ்வொரு கருவியும் தன்னை எழுதியவர் சேகரித்த பட்டியலை வைத்துத் தேடியதால், ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்தது. நாம் அழைத்தால் மட்டும் ஓடியதால் ஒன்றோடொன்று மோதவும் இல்லை. மூன்று போடு, நான்கு போடு என்ற பழக்கம் அங்கிருந்து வந்தது.

பிறகு நிலைமை மாறிவிட்டது. 2004 டிசம்பரில் ஜெயண்ட் என்ற சிறு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் உளவு எதிர்ப்பு மென்பொருள்தான் 2006இல் ‘விண்டோஸ் டிஃபெண்டர்’ என்ற பெயரில் வெளியானது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது வைரஸ், உளவு இரண்டையும் சேர்த்துக் கவனிக்கும் முழுக் காவலாக விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. மற்ற நிறுவனங்களும் இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கிவிட்டன. இன்றைய மென்பொருள்கள் நிறுவியதும் பின்னணியில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டு, திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இடைமறித்துச் சோதிக்கின்றன. அப்படிப்பட்ட இரண்டு ஒரே கணினியில் இருந்தால் ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். ஒன்று அடைத்து வைத்ததை மற்றொன்று புதிய வைரஸ் என்று அறிவிக்கும். நான்கு ஜிபி நினைவகம் உள்ள கடைக் கணினி அந்தச் சண்டையில் படுத்துவிடும். ஆகவே நான்கையும் ஒன்றாக நிறுவாதீர்கள்.

‘எது அதிகம் பிடிக்கிறதோ’ என்ற அளவுகோலும் வேண்டாம். இதை நான் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். 2007 வாக்கில் ஓர் ஆசிரியரின் கணினியை முழுவதும் அழித்து, அசல் தட்டிலிருந்து விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தேன். இணையத்தில் யாரோ புகழ்ந்திருந்த இலவச உளவு எதிர்ப்பு மென்பொருள் ஒன்றையும் கூடவே நிறுவினேன். அரை மணி நேரத்துக்கு முன் பிறந்த அந்தக் கணினியில் நாற்பதுக்கும் மேற்பட்ட அபாயங்கள் இருப்பதாக அது காட்டியது. நீக்க வேண்டுமானால் பணம் கட்டச் சொன்னது. நான் சுதாரிப்பதற்குள் பயந்துபோன ஆசிரியர் பணம் கட்டத் தயாராகிவிட்டார். அன்று முதல் புதிதாக வரும் எந்தக் காவல் மென்பொருளையும் முதலில் சுத்தமான கணினியில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். எதுவும் இல்லாத இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லத் தெரிந்ததுதான் மற்ற சோதனைகளுக்கே தகுதி பெறுகிறது.

இந்த மோசடி பெரிய அளவில் நடந்திருக்கிறது. 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் ‘ஸ்பைவேர் கிளீனர்’ என்ற மென்பொருளை விற்ற செக்யூர் கம்ப்யூட்டர் என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. இலவசமாகச் சோதிக்கிறோம் என்று சொல்லி, சுத்தமான கணினியிலும் உளவு மென்பொருள் இருப்பதாகக் காட்டிப் பணம் பறித்தது என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டிலேயே சுமார் 10 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ‘வின்ஃபிக்ஸர்’, ‘எக்ஸ்பி ஆன்டிவைரஸ்’ போன்ற பெயர்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோரை ஏமாற்றிய கூட்டத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008இல் தொடுத்த வழக்கில், 2012இல் 16.3 கோடி டாலர் செலுத்தும்படி தீர்ப்பு வந்தது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது அவ்வளவு சுலபமான வழி. நேர்மையான கருவிகளிலும் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட முடியாது. ஒன்று விளம்பர நிறுவனங்களின் குக்கிகளை (தளங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்) ஒவ்வொன்றாக எண்ணி நூற்றிருபது என்று காட்டும். இன்னொன்று அவற்றைப் பொருட்படுத்தாமல், கடவுச்சொல் திருடும் ஒரே ஒரு கோப்பை மட்டும் காட்டும். இரண்டில் உங்களைக் காப்பாற்றியது எது?

அடுத்ததாக நான் பார்ப்பது, இந்த இலவசத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பதை. காவல் மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் அதிகாரம் வேறு எந்த மென்பொருளுக்கும் கொடுக்காத அதிகாரம். இயங்குதளத்தின் அடிமட்டம் வரை அது போகும். திறக்கும் கோப்பு, போகும் தளம் எல்லாம் அதன் கண்ணில் படும். உளவாளி ஆசைப்படும் இடம் அதுவே. அவாஸ்ட் நிறுவனத்தின் கதையை அறிந்துகொள்ளுங்கள். கோடிக்கணக்கானோர் நம்பிய இலவச வைரஸ் தடுப்பு அது. பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனத்தின் வழியே அது விற்றுவந்தது 2020 ஜனவரியில் பத்திரிகைச் செய்திகளால் அம்பலமானது. உடனே ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்து, உலாவல் விவரங்களை விளம்பரத்துக்கு விற்கவும் தடை விதித்தது. உளவைத் தடுக்கிறேன் என்று வந்ததே உளவு பார்த்த கதை இது. இதைச் சொல்வதால் இலவசம் எல்லாமே மோசம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விலைக்கு விற்கும் பெரிய பதிப்பின் மாதிரியாக இலவசப் பதிப்பைக் கொடுப்பது ஒரு வழி. மால்வேர்பைட்ஸ் போன்றவை அப்படித்தான் நடக்கின்றன. விண்டோஸின் விலைக்குள்ளேயே அடங்கியது டிஃபெண்டர். கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு இன்னொரு வகை. அதன் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்திருக்கிறது. தமிழில் நமக்கு ‘இலவச மென்பொருள்’, ‘கட்டற்ற மென்பொருள்’ என்று இரண்டு சொற்கள் இருப்பது பெரிய வசதி. முன்னது விலையைச் சொல்கிறது, பின்னது உரிமையைச் சொல்கிறது. ஆனால் கிளாம்ஏவி பெரிதும் மின்னஞ்சல்களைக் கையாளும் வழங்கிக் கணினிகளில் பயன்படுவது. விண்டோஸ் கடைக் கணினியில் அதை மட்டும் நம்பி உட்கார நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் மட்டும் எழும் ஒரு சிக்கலும் உண்டு. வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் தரும் இலவசப் பதிப்புகளில் பெரும்பாலானவை வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரிமம் தருகின்றன. ஜெராக்ஸ் கடை வணிகம். நிறுவும்போது யாரும் படிக்காமல் தாண்டிப் போகும் அந்த ஒப்பந்தத்தில் ‘பெர்சனல்’, ‘நான்-கமர்ஷியல்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் கடைக்கு அது இலவசம் இல்லை. டிஃபெண்டருக்கு இந்தத் தடை கிடையாது. உங்களுக்கு நான் அதையே முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது. எதையும் நிறுவுவதற்கு முன், தேவையான கோப்புகளை வெளி வன்தட்டில் படியெடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுவேன். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, நிகழ்நேரப் பாதுகாப்பு செயல்படுகிறதா என்று பார்ப்பேன். நானறியாமல் அது அணைந்திருந்தாலோ, சோதிக்காமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலில் நான் சேர்க்காத கோப்புறைகள் இருந்தாலோ, அதுவே கெட்ட சகுனம். உள்ளே வந்த ஒன்று தன்னைச் சோதிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது. பிறகு ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியை இயக்குவேன். தேடல் பக்கத்தை மாற்றும் வகையறாக்களுக்கு எதிரானது அது. பல கணினிகளில் அணைந்தே கிடக்கிறது. அடுத்து முழு ஸ்கேன். அது முடிந்ததும் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. இது கணினியை நிறுத்தி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்தவை, அது ஓடாதபோது ஒளிய முடியாது. நிதானமாக, கடை மூடிய பிறகு செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் இரண்டாவது கருத்தாக ஒன்று, ஒன்றே ஒன்று. மைக்ரோசாஃப்டின் ‘சேஃப்டி ஸ்கேனர்’ நிறுவத் தேவையில்லாதது. பதிவிறக்கிய பத்து நாளில் காலாவதியாகும், மறுபடி தேவைப்பட்டால் புதிதாக இறக்க வேண்டும். ஆனால் அதுவும் டிஃபெண்டரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒன்று கண்டறியாததை மற்றொன்று கண்டறியும் வாய்ப்பு குறைவு. வேறு கண்ணால் பார்க்க வேண்டுமானால் வீட்டுக் கணினிகளில் நான் எடுப்பது மால்வேர்பைட்ஸின் ‘அட்வ்கிளீனர்’. இதுவும் நிறுவாமலே ஓடும். உலாவியைப் பிடித்து ஆட்டும் வகையறாவைத் தேடுவதற்கென்றே எழுதப்பட்டது. கடையில் ஓட்டுவதற்கு முன் அதன் உரிமத்தைப் படித்துவிடுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் நம் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’வும் இலவச நீக்கக் கருவிகளைத் தருகிறது, இவற்றை உருவாக்குவதில் உள்நாட்டு வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் பங்கெடுத்திருக்கின்றன. எதை எடுத்தாலும், கண்டதை உடனே அழிக்காமல் தனிமைப்படுத்தி வையுங்கள். சில நாள் கழித்து எதுவும் உடையவில்லை என்று தெரிந்தபின் அழிக்கலாம்.

பதிவிறக்கும் இடத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பெயரைத் தேடினால் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். பிரபல வைரஸ் தடுப்பு மென்பொருள்களின் தளங்களை அச்சு அசலாக நகலெடுத்து, அவற்றின் பெயரிலேயே கடவுச்சொல் திருடும் நிரல்களை வழங்கிய போலித் தளங்கள் 2024இல் கண்டறியப்பட்டன. முகவரியை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். வேறு தளங்கள் தொகுத்து வழங்கும் பிரதிகளைத் தொடாதீர்கள். நிறுவும்போது ‘கஸ்டம்’ தேர்ந்து, கூடவே திணிக்கும் உலாவியையும் கருவிப்பட்டையையும் விலக்குங்கள். இவ்வளவு செய்தாலும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. 2017இல் கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்கும் ‘சிகிளீனர்’ மென்பொருளின் அதிகாரப்பூர்வப் பதிப்புக்குள்ளேயே அந்நியர்கள் தீய நிரலைப் புகுத்தினார்கள், ஏறத்தாழ 22.7 லட்சம் கணினிகளில் அது ஏறிய பிறகே தெரியவந்தது. நிறுவும் ஒவ்வொரு மென்பொருளும் கூடுதலாகத் திறக்கும் ஒரு கதவு. குறைவாக நிறுவுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சோதித்துப் பார்ப்பது என்றால் எப்படி? ஐகார் என்ற அமைப்பின் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள். யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் இதைக் கண்டால் வைரஸ் கண்டதுபோல் குரல் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான வைரஸ் தடுப்பு நிறுவனங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. அந்த அமைப்பின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். காவல் விழித்திருந்தால் கோப்பு உங்கள் கைக்கு வந்து சேராது. அம்ட்ஸோ என்ற அமைப்பின் தளத்தில், வேண்டாத செயலிகளுக்கான மாதிரிக் கோப்பும் இருக்கிறது. இந்தச் சோதனை சொல்வது, மணி வேலை செய்கிறது என்பதை மட்டும். திருடன் வந்தால் அடையாளம் தெரியுமா என்பதை அது சொல்லாது. அந்தத் திறனை நிஜமான தீய நிரல்களை வைத்து அளக்க ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரிலுள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் இரண்டின் முடிவுகளும் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. ஒரே ஒரு மாத முடிவை வைத்துத் தீர்மானிக்காமல், ஓராண்டு முழுவதையும் பாருங்கள். முன்னணி மென்பொருள்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பது புரியும். இளைஞர்கள் சிலர் வீடியோ எடுப்பதற்காக நிஜ வைரஸ்களை இறக்கி வீட்டுக் கணினியிலேயே சோதிக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கணினியில் ஊரார் ஆவணங்கள் இருக்கின்றன. ஆய்வகத்தால் அளக்க முடியாததை நீங்கள் அளக்கலாம்: ஒரு வாரம் ஓடவிட்டு, பாஸ்போர்ட் போட்டோ அச்சிடும்போது கணினி திணறுகிறதா, நாளுக்கு எத்தனை முறை பணம் கேட்டு எழும்புகிறது, கேட்காமல் உலாவி அமைப்பை மாற்றுகிறதா, நீக்கினால் முழுதாகப் போகிறதா என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நீக்க முரண்டு பிடிக்கும் மென்பொருளை நான் இரண்டாவது முறை நிறுவியதில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். அந்தக் கணினியிலுள்ள போட்டோஷாப் விலை கொடுத்து வாங்கியதா? ஜெராக்ஸ் கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் நான் கண்ட மோசமான தொற்றுகளில் பெரும்பகுதி, பூட்டு உடைத்த மென்பொருள்களோடும் விண்டோஸை இலவசமாகச் செயல்பட வைக்கும் கருவிகளோடும் வந்தவை. ‘நிறுவும் முன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள்’ என்று அவற்றின் குறிப்பிலேயே எழுதியிருக்கும். வாசல் காவலனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்று சொல்லும் விருந்தாளியை உள்ளே விடுவோமா? டிஃபெண்டர் இவற்றை ‘ஹேக்டூல்’ என்று குறிக்கும். அது திருட்டுத்தனமாகச் செயல்பட வைப்பதால் மட்டும் அப்படிக் குறிக்கப்பட்டதா, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்பதை அந்தப் பெயரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ‘அது பொய் எச்சரிக்கைதான் சார்’ என்று கடைக்காரர்கள் என்னிடம் சொல்லும்போது, இருக்கலாம் என்றுதான் பதில் சொல்வேன். ஆனால் அந்தக் கணினியில் என் வங்கிக் கணக்கைத் திறக்க மாட்டேன். போட்டோவை வெட்டி ஒட்டும் வேலைக்கு கிம்ப் போதும். அது கட்டற்ற மென்பொருள், கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வாடிக்கையாளர்களின் பென் டிரைவ் இரண்டாவது வாசல். செருகியதும் தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7இலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் கோப்புறையை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கும் தந்திரம் இன்னும் செல்லுபடியாகிறது, ஏனென்றால் திறப்பது நம் கை. கோப்புப் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் நீட்டிப்புகளும் (.exe போல) மறைந்த கோப்புகளும் தெரியும்படி எக்ஸ்புளோரரை மாற்றி வையுங்கள். கோப்புறை படத்தின் மூலையில் சிறு அம்புக்குறி இருந்தால் தொடாதீர்கள்.

இலவசமோ விலையோ, எந்தக் காவலும் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. இன்றைய உளவு மென்பொருள்களில் பல, மாதக்கணக்கில் உட்கார்ந்து வேவு பார்ப்பதில்லை. ஒரே முறை ஓடி, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு, சில வேளைகளில் தடயத்தையும் அழித்துவிட்டுப் போய்விடுகின்றன. ‘லும்மா’ என்ற அப்படிப்பட்ட திருட்டு நிரல் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவுக்குள் மட்டும் 3,94,000க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளைத் தொற்றியதாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. திருடன் போன பிறகு வீட்டைச் சோதித்தால் ஆள் இருக்க மாட்டான், நகையும் இருக்காது. ஆகவே டிஃபெண்டரோ மற்றொன்றோ கடவுச்சொல் திருடும் வகையைக் காட்டினால், நீக்கியதோடு நிறுத்தாதீர்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து, உங்கள் கைபேசியே போதும், முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு அரசுத் தளங்கள் என்ற வரிசையில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். குக்கி திருடியவனுக்குக் கடவுச்சொல் தேவைப்படாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். உங்கள் மேசைத்திரையில் கிடக்கும் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களை இன்றே அழியுங்கள். அச்சிட்டு முடிந்த மறுகணம் அவை உங்களுக்குத் தேவையில்லை. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் அதற்குப் பிறகும் வரும், ஆனால் இயங்குதளத்தின் ஓட்டைகளை அந்தப் பட்டியல் அடைக்காது. அப்போது வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு பாதுகாப்பு நீட்டிப்பு அறிவித்தார்கள். கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால், பணத்தை விலை கொடுத்து வாங்கும் வைரஸ் தடுப்பில் போடுவதைவிட வேறு கணினிக்குச் சேர்த்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. விலைப் பதிப்புகள் கெட்டவை என்று சொல்லவில்லை. ஒரே கணினி உள்ள கடைக்கு அவை கூட்டித் தருவது குறைவு. பத்துக் கணினிகளை ஒருவர் மேற்பார்க்கும் இடத்தில் கணக்கு வேறு.

கடைசியாக, எப்போது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றுவது? ஆஃப்லைன் ஸ்கேனும் இரண்டாவது கருத்தும் சுத்தம் என்று சொல்லியும் தேடல் பக்கம் திரும்பத் திரும்ப மாறினால், அல்லது டிஃபெண்டர் தானாக அணைந்தால், மேலும் மென்பொருள் தேடி நாட்களைக் கழிக்காதீர்கள். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, நிறுவல் கோப்புகள் எதையும் எடுக்காமல், புதிதாக ஏற்றிவிடுங்கள். ஒரு மாலை வேலை அது. அதற்கு முன் உலாவி நீட்டிப்புகளின் பட்டியலையும், டிஃபெண்டரின் ‘புரொடெக்ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும் பெயர்களையும் படமெடுத்து, மின்னஞ்சல் முகவரி தெரியாதபடி மறைத்து, இங்கேயே இடுங்கள். நண்பர் எழுதிக் கொடுத்த நான்கு பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தவரை சொல்கிறேன்.